எலும்பு படும் இடம்

செயற்கைக் கால் பட்டறையின் கூரை ஒழுகியதால், அதை மருத்துவமனையின் பின்கோடியில் பூட்டிக்கிடந்த பழைய வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கட்டில்களைத் தூக்கிப் போட்டாயிற்று. கட்டில் கால்கள் தரையில் பதித்துவிட்டுப் போன வட்டங்களை யாராலும் தூக்க முடியவில்லை. சுவரில் பாதி உயரத்துக்குப் பச்சைப் பூச்சு, அதற்கு மேலே ஈரம். எத்தனை வாளி பினாயில் ஊற்றினாலும் அடியில் வேறொரு வாடை படுத்துக் கிடந்தது.

அவன் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தபோது பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு சாணோடு முடிந்திருந்தது. கால்சட்டையை மடித்து ஊக்குக் குத்தியிருந்தார்.

இந்தத் தொழிலில் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தான்.

நீதிமன்ற வராந்தாவில் பார்த்த முகம்.

அந்த வேன்காரர். மழையில் வேனை ஓட்டிக்கொண்டே கண் அசந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தவளை மோதி, பிறகு சுவரிலும் மோதியவர். சுவர் அவர் காலை எடுத்தது. அவர் எடுத்தது அவன் மனைவியை.

பட்டறையின் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடம் அவனைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"இப்பத்தான்பா பேரைப் பாத்தேன். நீ போ. நான் செய்றேன்."

"பரவால்ல மேடம். நானே செய்றேன்."

"வீம்பு பண்ணாத."

"ஊர்ல எல்லாருக்கும் கால் செய்றேன். இவருக்கு மட்டும் என்ன?"

மேடம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. போன மழைக்காலத்திலிருந்தே அது அப்படித்தான் இருந்தது.

மனைவி போனபோது அவனுக்கு அழுகை வரவில்லை. தேற்ற வந்தவர்கள், தேற்றுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். அவனுக்கு வந்தது வேறு. ஒரு பிற்பகல் வீட்டில் தனியே உட்கார்ந்து அந்த வேன்காரரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தான். அப்போது அறைக்குள் ஈரமான ரெயின்கோட்டின் வாடை வந்தது. கூடவே பெட்ரோல். பிறகு நனைந்த செருப்பின் சத்தம்.

சப். சப்.

அது நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

அந்த ரெயின்கோட்டில்தான் அவள் கடைசியாக வீட்டை விட்டுக் கிளம்பினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்று பயந்தான்.

அன்றிலிருந்து அவளை வரவழைக்க அவனுக்கு வழி தெரிந்துவிட்டது. ஜெபம் பண்ணினால் வரமாட்டாள். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் வரமாட்டாள். அந்த ஆளை நினைத்துத் தாடை வலிக்கப் பல்லைக் கடிக்க வேண்டும். அப்போது வருவாள். அவன் தினமும் கடித்தான். யாரிடமும் சொல்லவில்லை. அவளில் அவனுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அதை எவனும் பிடுங்கிக்கொள்ள அவன் விடுவதாக இல்லை.

அவன் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து பெஞ்சுக்கு முன்னால் முட்டி போட்டான். வெட்டுப்பட்ட காலைக் கையில் ஏந்தினான். வெதுவெதுப்பாக இருந்தது. அது அவனுக்கு எரிச்சலைத் தந்தது. அந்தக் கால் குளிர்ந்து போயிருக்க வேண்டும் என்று தோன்றியது.

"செருப்புக் கடைக்குப் போனேன் தம்பி," என்றார் வேன்காரர். "ஒத்தைச் செருப்பு குடுப்பான்னேன். மாட்டேங்கறான். ரெண்டாத்தான் விப்பானாம். வீட்ல எல்லாம் இடதே தேஞ்சு கிடக்கு, வலது எல்லாம் புதுசு மாதிரி இருக்கு."

அவன் எலும்பு தட்டுப்படும் இடங்களில் பென்சிலால் குறி போட்டான். நனைத்த மாவுக்கட்டைச் சுற்றினான்.

"காலை ஆட்டாம உக்காருங்க."

"சரி தம்பி."

அவர் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சுற்றிய கட்டு இறுகியதும் கழற்றி, அதற்குள் பிளாஸ்டர் கரைத்து ஊற்றினால், வெட்டுப்பட்ட காலின் அச்சு கிடைக்கும். அந்த அச்சின் மேல்தான் புதுக் காலில் இந்தக் கால் நுழையும் கிண்ணத்தை வார்ப்பார்கள். வேலையின் சூட்சுமம் எல்லாம் அச்சைத் திருத்துவதில் இருக்கிறது. எலும்பு துருத்தும் இடத்தில் கொஞ்சம் பிளாஸ்டர் சேர்த்து மேடாக்க வேண்டும். அப்போதுதான் கிண்ணத்தில் அங்கே இடைவெளி விழும், எலும்பு உரசாது. சேர்க்க வேண்டிய இடத்தில் அரத்தால் ராவிவிட்டால் போதும். வெளியே பார்க்கக் கால் அழகாக இருக்கும். வைக்கிற ஒவ்வொரு அடியிலும் எலும்பு இடிபடும்.

மறுநாள் பிற்பகல் அவன் அச்சை எடுத்துப் பிடிகருவியில் மாட்டினான். வெளியே வெயில். மேடம் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். அரத்தைக் கையில் எடுத்தபோது வாடை வந்தது.

ஈர ரெயின்கோட். பெட்ரோல்.

பட்டறைக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

சப். சப். சப்.

அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

"பாத்துக்கோ," என்று கிசுகிசுத்தான். "உனக்காகத்தான்."

எலும்பு துருத்தும் இடத்தில் அரத்தை வைத்து ராவினான். வெள்ளைத் தூள் கொட்டியது. நெடுநாளைக்குப் பிறகு அவனுக்குச் சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது.

கால் தயாரானதும் வேன்காரர் வந்தார். இரண்டு பக்கமும் கம்பி போட்ட நடைபாதையில் எழுந்து நின்றார். ஓர் அடி வைத்தார். முகம் வெளிறிப் போயிற்று.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு தம்பி."

"நடங்க."

நடந்தார். பாதையின் கோடி வரை போய்த் திரும்பி வந்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கத்துவார் என்று அவன் காத்திருந்தான். திட்டுவார், காலைக் கழற்றி எறிவார், அப்போது தன் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கும் என்று காத்திருந்தான். அந்த மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நன்றி."

காலைக் கழற்றியபோது உள்ளே போட்டிருந்த உறையில் ரத்தம் ஊறியிருந்தது. மேடம் அதைப் பார்த்தார். கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் தடவினார். பிறகு அவனைப் பார்த்தார்.

"இது உன் கை வேலையா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"படிச்சு முடிச்சு வந்த முதல் வருஷம் கூட நீ இப்படி ஒரு தப்பு பண்ணல. புண்ணு ஆறட்டும். அப்புறம் வேற செய். இல்ல, என்னால முடியலன்னு இப்பவே சொல்லு."

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனுக்கு எதன் மேல் கோபம் என்று அவனுக்கே பிடிபடவில்லை. ரத்தம் வந்தாயிற்று. கேட்டது கிடைத்தாயிற்று. ஆனால் வயிற்றில் எரிந்தது எரிந்தபடியே இருந்தது. போதாக்குறைக்குத் தன் கைவேலையை வேறு கெடுத்துக்கொண்டாயிற்று.

சாயங்காலம் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். காரை வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டு, இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"என்ன மாப்ள, அந்த நாய்க்கு நீ கால் செய்றியாமே? ஊரே கை கொட்டிச் சிரிக்குது."

"என் வேலை அது, மச்சான்."

"செய், செய். உள்ள நாலு ஆணி வச்சுச் செய். என்னால தூங்க முடியல, தெரியுமா உனக்கு? கண்ணை மூடினா தங்கச்சி நிக்கறா. அவன் மட்டும் ரெண்டு கால்ல நடந்து திரியணுமா?"

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

புண் ஆறியதும் புது அச்சு எடுத்தார்கள். இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வது என்று அவன் முடிவு செய்திருந்தான். மனம் இளகியெல்லாம் இல்லை. கெட்ட வேலை கண்ணை உறுத்தியது, அவ்வளவுதான். எலும்பு படும் இடத்தில் பிளாஸ்டரைக் குழைத்து அப்பினான், வழித்தான், மேட்டை விரலால் தடவிப் பார்த்தான். சரியாக இருந்தது. டீ குடித்துவிட்டு வந்தான்.

மேடு இல்லை.

அந்த இடம் குழியாக ராவப்பட்டிருந்தது. அரம் அவன் வைத்த இடத்தில்தான் இருந்தது. அதன் பற்களில் ஈரத் தூள்.

மறுபடி அப்பினான். இந்த முறை கதவைப் பூட்டி, வாசலிலேயே நின்றுகொண்டு டீயைக் குடித்தான். உள்ளே அரம் ஓடும் சத்தம் கேட்டது.

கர்ர். கர்ர். கர்ர்.

கதவைத் திறந்தான். யாருமில்லை. அச்சில் குழி இன்னும் ஆழமாகியிருந்தது.

"போதும்!" என்று கத்தினான். "போதும்மா. ரத்தம் வந்தாச்சு. இன்னும் என்ன?"

காலி வார்டு அவன் குரலையே திருப்பிக் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு, பாஸ்டர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவன் போய் எதிரே நின்றான்.

"பாஸ்டர், பகையாளியை நேசிக்கணும்னு சுலபமா சொல்லிட்டு இறங்கிடறீங்க. எப்படின்னு சொல்லுங்க. நான் படிச்சவன். வழிமுறை இருந்தா செய்வேன்."

பாஸ்டர் அவனைவிடச் சில வயதுதான் மூத்தவர். நாற்காலியைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியாது தம்பி."

"அப்புறம் எதுக்குப் பிரசங்கம்?"

"தெரியாததாலதான் வாராவாரம் பண்றேன்." சிரிக்கப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சிலுவையில தொங்கிட்டே, ஆணி அடிச்சவங்களுக்காக வேண்டிக்கிட்டவர் பின்னால போறோம். அவருக்கே அப்ப மனசு லேசா இருந்திருக்கும்னு நான் நினைக்கல. வலியோடதான் சொல்லியிருப்பார். அந்தாளுக்காக ஜெபம் பண்ணு. மனசு வராட்டியும் வாயால சொல்லு."

"சொன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம்."

அவனுக்கு நாற்காலி அடுக்கையே உதைத்துத் தள்ள வேண்டும் போலிருந்தது. வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தான். கர்த்தரே, அந்த ஆளை... அதற்கு மேல் நாக்கு எழவில்லை. யாரோ ஈரக் கையால் வாயைப் பொத்தியது போல் இருந்தது. மறுபடி. அந்த ஆளை... மறுபடி. திக்குவாய்க்காரன் மாதிரி அங்கேயே முட்டிக்கொண்டு நின்றான். ஆத்திரத்தில் மேசையைக் குத்தினான். கை வீங்கியதுதான் மிச்சம்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மின்சாரமும் போயிற்று. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஜன்னலோரத்து வெளிச்சத்தில் அவன் அச்சைத் திருப்பி வைத்து, சட்டியில் பிளாஸ்டர் குழைத்தான். குழைத்த பிளாஸ்டர் காத்திருக்காது. கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும்.

வாடை வந்தது.

சப். சப்.

இம்முறை பின்னால் நிற்கவில்லை. பக்கத்தில் வந்தது. ஓரக்கண்ணில் ரெயின்கோட்டின் நுனி தெரிந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. தரையில் ஈரமே இல்லை.

பிளாஸ்டர் எடுத்த அவன் கையின் மேல் ஒரு கை வந்து படிந்தது. அத்தனை சில்லிப்பை அவன் பிணவறையில் மட்டும்தான் தொட்டிருந்தான். அது அவன் கையை மெல்ல அரத்தின் பக்கம் நகர்த்தியது.

"நீதானா?" என்றான்.

அது அவன் கையை இன்னும் இழுத்தது.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளில் ஒரு தடவை கூட அவள் சமையலறைப் பக்கம் போகவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்த வாசனையோடு வரவில்லை. துணி காயப்போடும்போது முணுமுணுக்கும் பாட்டோடு வரவில்லை. அந்த ஒரு நாளின் மழை, அந்த ஒரு நாளின் பெட்ரோல், இவை மட்டும்தான். அவளோ, ஆராதனையில் எல்லோரும் தலைகுனிந்து மௌனமாக இருக்கும்போது, அடக்க முடியாமல் குலுங்கிச் சிரிக்கிறவள். அவன் முறைத்தால் இன்னும் சிரிப்பாள்.

"நீதான்னா," என்றான், "ஒரு தடவை சிரி."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"சிரிடி. ஒரே ஒரு தடவை."

அது சிரித்தது.

சாலையில் டயர் இழுபடும் சத்தம் அவன் காதருகே எழுந்தது. தொடர்ந்து கண்ணாடி உடைந்து சிதறும் சத்தம். அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. சிரிப்புக்கு அதனிடம் இருந்தது அவ்வளவுதான்.

அவள் இல்லை.

அவளாக ஒரு நாளும் இருந்ததில்லை.

ஓடிவிட நினைத்தான். கையை அது விடவில்லை. சட்டியில் பிளாஸ்டர் இறுகத் தொடங்கியிருந்தது.

"கர்த்தரே," என்றான். "அந்த ஆளை..."

சில்லிப்பு முழங்கை வரை ஏறியது.

"அந்த ஆளை... நல்லா வையும்."

வெறும் வாய்தான் சொன்னது. மனம் கல்லாகவே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. கையை வெடுக்கென்று இழுத்தான். பிளாஸ்டரை அள்ளி எலும்பு படும் இடத்தில் அப்பினான். காதுக்குள் கண்ணாடி உடைந்தது. அவன் சொல்லிக்கொண்டே வழித்தான். அவர் கால் ஆறட்டும். அவருக்குத் தூக்கம் வரட்டும். அவர் படி ஏறட்டும். அவருக்கு ஒத்தைச் செருப்பு கிடைக்கட்டும். என்னால அவரை நேசிக்க முடியல, நீர் நேசியும், உம்ம கூட நானும் நிக்கறேன். ஒவ்வொரு வரியையும் மலச்சிக்கல்காரன் மாதிரி முக்கி முக்கித்தான் வெளியே தள்ள வேண்டியிருந்தது. மேடு உருவானது. விரல் நுனியால் அதை நீவினான். சத்தம் தள்ளிப் போயிற்று. சுவரோரம். கதவோரம்.

பிறகு மழை மட்டும்.

மின்சாரம் வந்தபோது அச்சில் மேடு இருந்தது. இருந்தது, இருந்தபடியே.

வேன்காரர் புதுக் காலை மாட்டிக்கொண்டு எழுந்தார். வலியை எதிர்பார்த்துப் பல்லைக் கடித்தபடி அடி வைத்தார். நின்றார். குனிந்து காலைப் பார்த்தார்.

"தம்பி... வலிக்கலியே."

"வலிக்கக் கூடாது."

"போன காலு..."

"போன கால்ல தப்பு என் மேல. தெரிஞ்சே செஞ்சேன்."

அவர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் தம்பி. நீங்க யாருன்னு முதல் நாளே தெரியும். பயத்துலதான் செருப்புக் கதையெல்லாம் உளறினேன். வலிச்சப்ப, இதான் நியாயம்னு பட்டுச்சு. அந்தக் காலையே குடுங்கன்னு கேக்கலாம்னுகூட இருந்தேன்."

அவன் முட்டி போட்டு அவர் ஷூவின் கயிற்றைக் கட்டினான். நிமிராமலே சொன்னான்.

"மன்னிச்சிட்டேன். இப்ப அது வாயில மட்டும்தான் இருக்கு. நாளைக்கும் சொல்லுவேன். நாளன்னிக்கும் சொல்லுவேன்."

அவர் அவன் தலைமேல் ஒரு கணம் கை வைத்தார். பிறகு இரண்டு ஷூவும் சத்தமிட நடந்து வெளியே போனார்.

அவன் அந்த வாடைக்காகக் காத்திருந்தான். பழக்கம். வரவில்லை. இனி வராது என்று தெரிந்தபோது வயிற்றுக்குள் ஒரு பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தில், எங்கிருந்தோ, அவள் சிரிப்பு கேட்டது. வெளியே இல்லை, உள்ளே. தலைகுனிந்து, வாயைப் பொத்தி, தோள் குலுங்கும் அந்தச் சிரிப்பு. இத்தனை மாதமாக அவனுக்கு அது ஞாபகத்துக்கே வராமல் இருந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். சத்தம் போட்டு அழுதான். மேடம் வாசல் வரை வந்து பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மச்சான்.

"மாப்ள!" மனிதரின் குரலில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கேட்டதே இல்லை. "வந்துட்டா மாப்ள. இன்னிக்கு என்கிட்ட வந்துட்டா."

அவன் கையிலிருந்து துண்டு நழுவியது.

"யாரு?"

"தங்கச்சிதான். அவன் ரெண்டு கால்ல நடந்து போனான்னு கேள்விப்பட்டேன். பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். தொப்பலா நனைஞ்சு வந்து நிக்கறா. பேச மாட்டேங்கறா. ஆனா அவளுக்கு என்ன வேணும்னு எனக்குப் புரியுது."

"மச்சான், அது அவ இல்ல. நான் சொல்றதைக் கேளுங்க. வீட்லயே இருங்க, நான் வரேன்."

"வீடா? கார்ல இருக்கேன் மாப்ள. அவன் வீட்டுக்குத்தான் போறோம். பக்கத்து சீட்லதான் உக்காந்திருக்கா."

அவன் அதற்குள் படியிறங்கி ஓடத் தொடங்கியிருந்தான். வானத்தில் ஒரு மேகம் இல்லை. சாயங்கால வெயில் கண்ணில் குத்தியது. போனுக்குள், மச்சானின் மூச்சுக்குப் பின்னால், ஏதோ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொள்ளும் சத்தம்.

டக். டக். டக்.

"மச்சான், அங்க மழையா?"

"மழையா? வெயில் பொளக்குது."

"அப்ப வைப்பர் ஏன் ஓடுது?"

சத்தம் வேகமாகியது.

"நான் போடல, மாப்ள."